‘லே’யா, ‘லை’யா? நோபல் கவிஞர் பாடினால் பாட்டு, மாணவர் எழுதினால் பிழையா?

பாடகரும் பாடலாசிரியருமான பாப் டிலனுக்கு 2016-ஆம் ஆண்டு இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய புகழ்பெற்ற பாடல்களில் ஒன்று ‘லே லேடி லே’. 1969-இல் ‘நாஷ்வில் ஸ்கைலைன்’ ஆல்பத்தில் வெளியாகி, அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 7-ஆம் இடம் வரை போன பாட்டு.

இந்தத் தலைப்பில் இருக்கும் வினைச்சொல்லை, அதே பொருளில், எஸ்எஸ்சி தேர்விலோ வங்கித் தேர்விலோ ‘பிழையைக் கண்டுபிடி’ பகுதியில் கொடுத்தால் என்ன ஆகும்? அந்தச் சொல்லைத்தான் பிழை என்று குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால் மார்க் போச்சு.

ஆங்கிலப் பாடல்களில் வரும் ‘தப்பு’களைப் பட்டியல் போடும் வீடியோக்களுக்கு இணையத்தில் பஞ்சமில்லை. அந்தப் பட்டியல்களில் தவறாமல் இடம்பிடிப்பது இந்த ‘லே’, ‘லை’ குழப்பம்தான். “இவ்வளவு பெரிய பாடகருக்கே இங்கிலீஷ் தெரியல பாருங்க” என்ற தொனியில் சிலர் சிரிக்கிறார்கள். “அவரே தப்பா பாடுறார், நாங்க எழுதினா மட்டும் ஏன் குத்தம்?” என்று சிலர் கோபப்படுகிறார்கள்.

சிரிப்பு, கோபம் இரண்டுக்குமே இங்கே வேலை இல்லை. இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், பாடகரின் அறியாமையைவிட ஆங்கில மொழியின் வரலாறுதான் அதிகம் தெரியவரும்.

என்னதான் வித்தியாசம்?

ஆங்கிலத்தில் ‘லை’ என்றால் படு அல்லது கிட. ஒருவர் தானாகப் படுத்துக்கொள்வதும், ஒரு பொருள் ஓரிடத்தில் கிடப்பதும் ‘லை’. ‘லே’ என்றால் வை அல்லது கிடத்து. ஒருவர் இன்னொன்றை எடுத்து ஓரிடத்தில் வைப்பது ‘லே’. கோழி முட்டை இடுவதற்கும் இதே ‘லே’தான். அங்கே முட்டை என்ற செயப்படுபொருள் இருக்கிறது.

ஆக, ‘எதை?’ அல்லது ‘யாரை?’ என்ற கேள்விக்குப் பதில் இருந்தால் ‘லே’. பதில் இல்லையென்றால் ‘லை’.

அட, இவ்வளவுதானா? இவ்வளவுதான் என்றால் பிரச்சினையே இல்லை. சிக்கல் இறந்தகாலத்தில் தொடங்குகிறது.

‘லை’ என்பதன் இறந்தகாலம் என்ன தெரியுமா? ‘லே’! அதாவது, இன்று படுப்பது ‘லை’, நேற்று படுத்தது ‘லே’, முற்று வினையாகும்போது ‘லெய்ன்’. இன்னொரு பக்கம், இன்று வைப்பது ‘லே’, நேற்று வைத்தது ‘லெய்டு’, முற்று வினையிலும் ‘லெய்டு’.

இது போதாதென்று, பொய் சொல்வதற்கும் ஆங்கிலத்தில் ‘லை’ என்றே ஒரு வினை இருக்கிறது. அதன் இறந்தகாலம் ‘லைடு’. வேறு மூலத்திலிருந்து வந்த சொல், ஆனால் இன்றைக்கு ஒலியிலும் எழுத்திலும் ‘படு’ என்ற ‘லை’க்கு இரட்டைப் பிள்ளை மாதிரி இருக்கிறது. ஷேக்ஸ்பியரே தன் 138-ஆவது சானட்டில் இந்த இரட்டைப் பொருளை வைத்துச் சிலேடை ஆடியிருக்கிறார்.

அமெரிக்க நாவலாசிரியர் வில்லியம் ஃபாக்னர் 1930-இல் எழுதிய நாவலின் பெயர் ‘ஆஸ் ஐ லே டையிங்’. இதிலும் ‘லே’ வருகிறது, செயப்படுபொருளும் இல்லை. அப்படியென்றால் தப்பா? இல்லை, நூற்றுக்கு நூறு சரி. இங்கே ‘லே’ என்பது ‘கிடந்தேன்’ என்ற இறந்தகால வடிவம். டிலனின் தலைப்பில் அதே ‘லே’ ஏவலாக வருவதால்தான் இலக்கணம் அதை ஏற்பதில்லை.

ஒரே சொல், ஒரே உச்சரிப்பு. ஓரிடத்தில் சரி, ஓரிடத்தில் பிழை.

தமிழில் இந்தச் சிக்கல் ஏன் வருவதில்லை?

பள்ளியில் படித்த தன்வினை, பிறவினை ஞாபகம் இருக்கிறதா? அவன் திருந்தினான், அவனைத் திருத்தினார்கள். கூட்டம் அடங்கியது, கூட்டத்தை அடக்கினார்கள். வண்டி திரும்பியது, வண்டியைத் திருப்பினார். பஸ் ஓடுகிறது, டிரைவர் பஸ்ஸை ஓட்டுகிறார்.

இந்த ஜோடிகளில் தமிழ்க் குழந்தைகள் குழம்புவதில்லை. “பஸ்ஸை ஓடுறார்” என்று மூன்று வயசுப் பிள்ளை சொன்னால்கூட வீட்டில் எல்லோருக்கும் உடனே காதில் உறுத்தும். காரணம், தமிழில் இது உயிரோடு இருக்கும் ஒரு முறை. திருந்து, அடங்கு, திரும்பு ஆகியவற்றில் இருக்கும் மெல்லின எழுத்து, திருத்து, அடக்கு, திருப்பு என்று வல்லினமாகும்போது வினையின் திசையே மாறிவிடுகிறது. நூற்றுக்கணக்கான சொற்கள் இந்த வழியில் நடப்பதால், புதிதாக ஒரு ஜோடியைக் கேட்டாலும் காது தானாகப் பிரித்துக்கொள்கிறது.

‘உடை’ மாதிரி இரண்டு பொருளுக்கும் ஒரே வேர் இருக்கும் இடத்திலும் தமிழ் கைவிடுவதில்லை. கண்ணாடி உடைஞ்சது, கண்ணாடியை உடைச்சான். இறந்தகாலத்தில் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்துவிடுகின்றன. கூடவே ‘ஐ’ என்ற வேற்றுமை உருபு வந்து, எது செயப்படுபொருள் என்று கைகாட்டிவிடுகிறது.

‘லை’க்கும் ‘லே’க்கும் தமிழில் நெருக்கமான ஜோடி கிட, கிடத்து. புத்தகம் கிடந்தது, புத்தகத்தைக் கிடத்தினான். குழந்தை படுத்திருந்தது, குழந்தையைப் படுக்க வைத்தார்கள். எங்கேயும் ஒன்றின் இறந்தகாலம் இன்னொன்றின் நிகழ்காலமாக வேஷம் போடுவதில்லை.

ஆங்கிலம் தொலைத்த வழி

ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இதே மாதிரி ஒரு முறை இருந்தது. ஆங்கிலம், ஜெர்மன் முதலிய மொழிகளின் மூதாதை மொழியில், வேரின் உயிரெழுத்தை மாற்றிச் சில கூறுகளைச் சேர்த்தால் தன்வினை பிறவினையாகும். ‘லை – லே’ அப்படிப் பிறந்த ஜோடிதான். ‘சிட் – செட்’ (உட்கார், உட்கார வை), ‘ரைஸ் – ரெய்ஸ்’ (எழு, எழுப்பு) ஆகியவையும் அதே குடும்பம். ‘குடி’ என்ற ‘டிரிங்க்’குக்கு ஜோடி, இன்று ‘முழுக்க நனை’ என்ற பொருளில் வழங்கும் ‘டிரென்ச்’. அதன் பழைய பொருள் ‘குடிக்க வை’.

பக்கத்து மொழியான ஜெர்மனில் ‘லீகன்’ (கிட), ‘லேகன்’ (கிடத்து) என்ற ஜோடி இன்றும் இருக்கிறது. ஆங்கிலத்தில் காலப்போக்கில் அந்த இயந்திரம் நின்றுபோனது. புதிய ஜோடிகள் பிறப்பது நின்றது. பழைய ஜோடிகளில் சில மட்டும், கூட்டுக்குடும்பம் கலைந்த பிறகு தனியாக நிற்கும் வீடுகள் மாதிரி மிஞ்சின.

இன்றைக்கு ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் பிள்ளைக்கு ‘லை – லே’ என்பது ஒரு விதியின் பகுதியாகக் காதில் விழுவதில்லை. தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய ஒரு விதிவிலக்காகத்தான் வந்து சேர்கிறது. அதிலும் ‘லே’ என்ற ஒலி இரண்டு வேலை பார்ப்பதால், எது எது என்று பிரிப்பதற்குக் காதுக்குத் துப்பே கிடைப்பதில்லை.

இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. ‘ரைஸ் – ரெய்ஸ்’ ஜோடியைப் பாருங்கள். சீக்ரெட் கார்டன் குழு 2002-இல் வெளியிட்டு, பின்னர் ஜாஷ் குரோபனும் வெஸ்ட்லைஃப் குழுவும் பாடிப் பரப்பிய ‘யூ ரெய்ஸ் மீ அப்’ பாடலின் தலைப்பில் ‘என்னை’ என்ற செயப்படுபொருள் இருக்கிறது, வினை ‘ரெய்ஸ்’. ஆண்ட்ரா டே 2015-இல் வெளியிட்ட ‘ரைஸ் அப்’ பாடலின் தலைப்பில் செயப்படுபொருள் இல்லை, வினை ‘ரைஸ்’. இரண்டுமே சரி. ஓட்டிஸ் ரெட்டிங் மறைந்த பிறகு 1968-இல் வெளியாகி முதலிடம் பிடித்த பாடலின் தலைப்பிலும், துறைமேடையில் உட்கார்ந்திருப்பதற்கு ‘சிட்’தான் வருகிறது, ‘செட்’ இல்லை.

இங்கே மட்டும் ஏன் பெரிதாகக் குழப்பம் வருவதில்லை? ‘ரைஸ்’ இறந்தகாலத்தில் ‘ரோஸ்’ ஆகிறது, ‘ரெய்ஸ்’ ஆவதில்லை. ‘சிட்’ இறந்தகாலத்தில் ‘சாட்’ ஆகிறது, ‘செட்’ ஆவதில்லை. ஒன்றின் வேஷத்தை இன்னொன்று போடவில்லை. ‘லை’ மட்டும்தான் போய் ‘லே’யின் சட்டையை மாட்டிக்கொள்கிறது. பாடகர்களின் அலட்சியம்தான் காரணம் என்றால், எல்லா ஜோடிகளிலும் ஒரே அளவுக்குத் தடுமாற்றம் இருந்திருக்க வேண்டும். ஓட்டை சொல்லில் இருக்கிறது.

பாட்டுக்குள் ‘லே’ எப்படி வந்தது?

‘லே லேடி லே’ என்ற தலைப்பை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூன்று சொற்களும் ‘லே’ என்றே தொடங்குகின்றன. தமிழில் இதற்கு மோனை என்று பெயர். இலக்கணப்படி திருத்தினால் ‘லை லேடி லை’ என்றாகும். இரண்டு பக்கமும் ஓசை உடைந்து, நடுவில் ‘லேடி’ தனியாக நிற்பார். கூடவே, ‘பொய் சொல்’ என்ற இன்னொரு பொருளும் கேட்பவர் மனதில் எட்டிப்பார்க்கும். காதலியிடம் “பொய் சொல்லு, பெண்ணே” என்று கேட்கிற மாதிரி ஒரு பாட்டு தொடங்கினால் எப்படி இருக்கும்?

இன்னொரு விஷயம், இசையின் ஊர். ‘நாஷ்வில் ஸ்கைலைன்’ ஆல்பத்தில் டிலன் கண்ட்ரி இசைக்குப் போனார். அது அமெரிக்கத் தென்மாநிலங்களின் பேச்சோடு வளர்ந்த இசை. அந்தப் பேச்சில் ‘படுத்துக்கொள்’ என்பதற்கு ‘லே’ சொல்வது சாதாரணம். கிராமத்துத் தெருவில் நடக்கும் தமிழ்ப் பாட்டில் “படுத்துக்கொள்வாயாக” என்று எழுதினால் எப்படி ஒட்டாதோ, அப்படித்தான் இங்கே ‘லை’யும் ஒட்டாது.

எரிக் கிளாப்டனின் ‘லே டவுன் சாலி’யும் இதே ரகம். 1977-இல் வெளியான ‘ஸ்லோஹேண்ட்’ ஆல்பத்தில் இடம்பெற்று, பில்போர்டு ஹாட் 100-இல் 3-ஆம் இடம் வரை போன பாட்டு. கிளாப்டன் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் பிறந்தவர். ஆனால் இந்தப் பாட்டில் அவர் பின்பற்றியது அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தைச் சேர்ந்த ஜே.ஜே. கேலின் பாணியை. மெட்டை அங்கிருந்து எடுத்தவர், பேச்சையும் அங்கிருந்தே எடுத்துக்கொண்டார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தலைப்பில் காற்புள்ளி இல்லை. இலக்கண வாத்தியார் கண்ணோடு பார்த்தால், “சாலியைக் கீழே கிடத்து” என்று யாரோ மூன்றாம் நபருக்குக் கட்டளை போடுகிற மாதிரி ஆகிவிடும். பாடலைக் கேட்கும் யாரும் அப்படிப் புரிந்துகொள்வதில்லை. “இரு சாலி, கொஞ்சம் படு” என்றுதான் கேட்கிறது. தமிழாக இருந்தால் ‘சாலி’ என்றால் விளி, ‘சாலியை’ என்றால் செயப்படுபொருள். ‘ஐ’ ஒன்றே சண்டையைத் தீர்த்திருக்கும்.

சரியான பாட்டையும் தப்பு என்பவர்கள்

பிழை பிடிக்கும் ஆர்வத்தில் நடக்கும் பெரிய பிழை ஒன்று உண்டு. ஸ்னோ பேட்ரோல் குழுவின் ‘சேஸிங் கார்ஸ்’ 2006-இல் வெளியாகி உலகம் முழுக்கக் கேட்கப்பட்ட பாட்டு. அதன் பல்லவியில், ‘நான் இங்கே இப்படியே படுத்திருந்தால், நீயும் என்னோடு படுத்து உலகத்தை மறப்பாயா’ என்கிற பொருளில் ஒரு கேள்வி வருகிறது. முதல் பாதியில் வினை ‘லே’. இரண்டாம் பாதியில் ‘லை’.

முதல் ‘லே’யைப் பார்த்ததுமே “இதோ தப்பு” என்று சிவப்பு மையை எடுப்பவர்கள் உண்டு. ஆனால் ஆங்கிலத்தில், நடக்காத ஒன்றை ‘நடந்தால்’ என்று கற்பனையாகச் சொல்லும் வாக்கியத்தில், வினை இறந்தகால வடிவத்துக்குப் போக வேண்டும். அதன்பின் வரும் பகுதியில் ‘வுட்’ வரும். ‘லை’யின் இறந்தகால வடிவம் ‘லே’. ‘வுட்’டுக்குப் பிறகு மூல வடிவமான ‘லை’. ஆக, அந்தப் பல்லவி இலக்கணப் புத்தகத்தில் உதாரணமாகப் போடலாம் என்கிற அளவுக்குச் சுத்தம்.

சைமன் அண்ட் கார்ஃபங்கலின் ‘பிரிட்ஜ் ஓவர் டிரபுள்டு வாட்டர்’ (1970) இன்னொரு உதாரணம். நண்பனுக்காகத் தன்னையே ஒரு பாலம்போலக் கிடத்துவதாக அதில் ஒரு வாக்கு வருகிறது. அங்கே ‘தன்னை’ என்ற செயப்படுபொருள் இருப்பதால் ‘லே’ சரி. ஆங்கிலக் குழந்தைகள் தூங்கப் போகுமுன் சொல்லும் பழைய பிரார்த்தனை ஒன்றிலும் இதே அமைப்புதான். மெட்டாலிகா குழுவின் ‘என்டர் சாண்ட்மேன்’ (1991) பாடலிலும் அந்தப் பிரார்த்தனை இடம்பெறுகிறது.

இப்படி ‘தன்னைக் கிடத்துதல்’ என்று கேட்டுக் கேட்டுப் பழகிய காதுக்கு, நடுவில் இருக்கும் ‘தன்னை’ உதிர்ந்துபோனாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. மிச்சம் இருப்பது வெறும் ‘லே’. ‘படுத்துக்கொள்’ என்ற பொருளுக்கு அது எவ்வளவு பக்கத்தில் வந்து நிற்கிறது என்று பாருங்கள்.

இது தப்பு என்று முதலில் சொன்னது யார்?

இது பாப் இசை கெடுத்த மொழி என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவின் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி தரும் குறிப்பின்படி, ‘லை’யின் பொருளில் ‘லே’யைப் பயன்படுத்துவது 14-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 1770 வரை யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அதன்பிறகுதான் இது பாடப்புத்தகங்களில் ‘திருத்தப்பட வேண்டிய பிழை’ ஆனது.

பாடப்புத்தகம் கண்டித்த பிறகும் கவிஞர்கள் கேட்டுவிடவில்லை. லார்டு பைரன் 1818-இல் வெளியிட்ட ‘சைல்டு ஹெரால்ட்ஸ் பில்கிரிமேஜ்’ நெடுங்கவிதையின் நான்காம் காண்டத்தில், கடலைப் பாடும் இடத்தில், ‘கிடக்கட்டும்’ என்ற பொருளில் ‘லே’ போட்டிருக்கிறார். அடியின் கடைசியில், இயைபுக்காக. டிலனுக்கு 150 ஆண்டுகளுக்கு முன்பே ஓசைக்காக இலக்கணம் வழிவிட்டிருக்கிறது.

ஆக, 600 ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் வாயில் புழங்கும் ஒரு வழக்கு. 250 ஆண்டுகளாக அதை மாற்றப் பார்க்கும் ஒரு விதி. இதில் மக்கள் வழக்கு தோற்றதாகத் தெரியவில்லை. விதியும் தன் இடத்தை விடவில்லை. எழுத்திலும் தேர்விலும் அது இன்றும் உறுதியாக நிற்கிறது.

அப்படியானால் இலக்கணம் வேண்டாமா?

வேண்டும். விண்ணப்பக் கடிதம், ஆய்வுக் கட்டுரை, தேர்வுத் தாள், நீதிமன்ற ஆவணம் எல்லாம் பொதுவான ஓர் எழுத்து ஆங்கிலத்தை எதிர்பார்க்கின்றன. அங்கே ‘லே’க்கும் ‘லை’க்கும் வித்தியாசம் காட்டித்தான் ஆக வேண்டும். பாப் டிலனைச் சாட்சிக்கு அழைத்தால் விடைத்தாள் திருத்துபவர் மார்க் தரமாட்டார். தர வேண்டியதும் இல்லை. பாட்டு என்பது பேச்சின் பதிவு. தேர்வு கேட்பது எழுத்தின் ஒழுங்கு.

ஆனால் அந்த ஒழுங்கை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம் என்பதில்தான் பெரிய வித்தியாசம் வருகிறது. “லே தப்பு, லை சரி” என்று ஒற்றை வரியில் மனப்பாடம் செய்த மாணவர், ஃபாக்னரின் நாவல் தலைப்பையும் ‘சேஸிங் கார்ஸ்’ பல்லவியையும் தப்பு என்று அடித்துவிடுவார். “எதை, யாரை என்று கேட்டுப் பார். பதில் இருந்தால் லே. பதில் இல்லை, ஆனால் நேற்று நடந்தது என்றால், அப்போதும் லே. மற்றபடி லை” என்று சொல்லிக்கொடுத்தால் இரண்டுமே விளங்கிவிடும். கூடவே “இது நம்ம தன்வினை, பிறவினை மாதிரிதான். கிட, கிடத்து” என்று ஒரு வார்த்தை சேர்த்தால், தமிழ்வழியில் படித்த மாணவருக்கு அது ஏற்கெனவே தெரிந்த விஷயம் ஆகிவிடும். தமிழ் வகுப்பில் கற்ற இலக்கணம் இங்கிலீஷ் வகுப்பில் செல்லாக்காசு என்று யார் சொன்னது?

பாடல்களையும் வகுப்பறையிலிருந்து விரட்ட வேண்டியதில்லை. உச்சரிப்பு, ஏற்ற இறக்கம், பேச்சுவழக்கு எல்லாம் காதுவழி வருவதற்குப் பாட்டைப் போல நல்ல வாத்தியார் இல்லை. பீட்டில்ஸின் ‘டிக்கெட் டு ரைடு’ (1965) பாட்டில், ‘அவள்’ என்ற எழுவாய்க்கு ‘டஸன்ட்’ வர வேண்டிய இடத்தில் ‘டோன்ட்’ வருகிறது. ‘டோன்ட்’ ஓரசை, ‘டஸன்ட்’ ஈரசை. மெட்டுக்குள் எது உட்காரும் என்று கேட்டால் மாணவர்களே சொல்லிவிடுவார்கள். அந்த ஐந்து நிமிஷத்தில் அவர்கள் கற்றுக்கொள்வது ஒரு விதியையும், அது எங்கே தளரும் என்பதையும் சேர்த்து.

யாருக்குச் சலுகை, யாருக்குத் தண்டனை?

இந்த இடத்தில் வழக்கமாக வரும் வாதம் ஒன்று உண்டு. “விதி தெரிந்து மீறுவது வேறு, தெரியாமல் மீறுவது வேறு. டிலன் தெரிந்து மீறினார்” என்பது அது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டிலன் அந்தச் சொல்லைப் போடும்போது விதியை நினைத்தாரா இல்லையா என்று அவருடைய ரசிகர்கள் யாரும் விசாரித்துவிட்டுப் பாட்டைக் கேட்பதில்லை. ‘இவர் தெரிந்துதான் செய்திருப்பார்’ என்று முன்கூட்டியே நம்பிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கைதான் இங்கே சலுகை.

திருவண்ணாமலையிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ சென்னைக்கு நேர்காணலுக்கு வரும் ஒரு பட்டதாரிக்கு அந்தச் சலுகை கிடைப்பதில்லை. குழு விவாதத்தில் ஒரு வினைச்சொல் இடம் மாறினால், எதிரே இருப்பவரின் புருவம் உயர்கிறது. அடுத்த பத்து நிமிஷம் அவர் சொல்ல வந்த நல்ல யோசனையைவிட, அவர் சொன்ன ‘லே’ பெரிதாகிவிடுகிறது. இதற்குப் பயந்தே, தெரிந்த பதிலைக்கூடச் சொல்லாமல் வாய்மூடி உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர்! ஆங்கிலேயரும் அமெரிக்கரும் தலைமுறை தலைமுறையாகத் தடுமாறும் ஒரு சொல்லில், இரண்டாம் மொழியாகக் கற்ற ஒருவர் தடுமாறினால் அது அறிவுக் குறைவுக்கு அடையாளமா?

தமிழ்நாட்டில் பாட்டென்றால் இந்தப் பெருந்தன்மை தானாக வந்துவிடுகிறது. ‘3’ படத்துக்காக தனுஷ் பாடிய ‘ஒய் திஸ் கொலவெறி டி’ 2011-இல் வெளியானபோது, அதன் உடைந்த இங்கிலீஷ்தான் அதன் ருசி என்று கொண்டாடினார்கள். யாரும் சிவப்பு மை எடுக்கவில்லை. வட்டாரத் தமிழுக்கும் இதே கதைதான். சினிமாப் பாட்டில் வந்தால் ‘மண் வாசனை’, அலுவலகக் கூட்டத்தில் வந்தால் கமுக்கமாக ஒரு சிரிப்பு.

இலக்கணப் பிழையைக் கிண்டல் செய்வதையே பாட்டாக்கியவரும் உண்டு. ‘வியர்டு ஆல்’ யாங்கோவிக் 2014-இல் வெளியிட்ட ‘வேர்டு க்ரைம்ஸ்’, இணையத்தில் தப்பும் தவறுமாக எழுதுபவர்களைக் கேலி செய்யும் பாட்டு. சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்தச் சிரிப்பு வேலைவாய்ப்பு மேஜைக்கு வரும்போது, அது நகைச்சுவையாக இருப்பதில்லை.

தேர்வில் ‘லே’ எழுதிய மாணவருக்கு ஒரு மார்க் குறையட்டும், தப்பில்லை. விதி தெரிய வேண்டிய இடம் அது. ஆனால் அந்த ஒரு மார்க்கோடு கணக்கு முடிந்துவிட வேண்டும். அதைத் தாண்டி அவருடைய படிப்பையும் ஊரையும் அறிவையும் அந்த ஒற்றைச் சொல்லை வைத்து எடைபோடும் வேலையை நேர்காணல் மேஜைகள் நிறுத்திக்கொள்ளட்டும். விதியை மீறிய பாட்டைத் தலையாட்டி ரசிக்கத் தெரிந்தவர்களுக்கு, தட்டுத் தடுமாறிப் பேசுபவரை முழுசாகப் பேசி முடிக்கவிடுவது கஷ்டமான காரியமா என்ன?